முற்போக்காளர் யார்? 12 டொலரும் 15 டொலரும்

அமெரிக்க ஜனநாயகக் கட்சிக்குள் 2016 இல் ஒரு சொல்லுக்காகச் சண்டை நடந்தது. ஹிலாரி கிளின்டன் தம்மை முற்போக்காளர் என்றார். பேர்னி சாண்டர்ஸ் அதை ஏற்க மறுத்தார். அந்த வருடம் பெப்ரவரி 4 ஆம் திகதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் இருவரும் இந்த ஒரு சொல்லை வைத்தே மல்லுக்கட்டினார்கள். பேசுவதோடு நிற்காமல் காரியத்தை முடித்துக் காட்டும் முற்போக்காளர் தாம் என்றார் கிளின்டன். அதற்கு ஐந்து மாதத்துக்கு முன் ஒஹாயோவில் தம்மை மிதவாதி என்று சொல்வதை ஒப்புக்கொண்டவரும் அவரே. மிதவாதியாக இருக்கலாம், முற்போக்காளராகவும் இருக்கலாம், ஒரே ஆள் இரண்டுமாக இருக்க முடியாது என்பது சாண்டர்ஸின் வாதம்.

அப்போது இங்கே கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தது, நாமே 1,000 ரூபா கேட்டுக் காத்திருந்தோம், அந்த நேரத்தில் அமெரிக்கத் தேர்தல் நமக்கு எதற்கு என்று தோட்டத் தலைவர்மார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே நடந்த சண்டையின் நடுவில் கிடந்ததும் சம்பளக் கணக்கே.

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். 2009 ஆம் ஆண்டிலிருந்து அது ஒரு சதம்கூட உயரவில்லை. 2016 ஆம் ஆண்டு மாற்று விலையில் அது ஏறத்தாழ 1,050 ரூபா. நாம் அப்போது ஒரு நாளுக்குக் கேட்டதை அவர்கள் ஒரு மணித்தியாலத்தில் பெற்றார்கள். இதை வைத்து அவர்களைப் பணக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டு வாடகையும் வைத்தியச் செலவும் அங்கே கழுத்தை நெரிக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே அரசின் உணவு மானியத்தில் காலம் தள்ளும் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் உண்டு.

2012 நவம்பரில் நியூயோர்க் நகரத்து உணவுக் கடைத் தொழிலாளர் சில நூறு பேர் வேலையை விட்டு வீதிக்கு வந்தார்கள். மணிக்கு 15 டொலர் வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமையும் வேண்டும் என்றார்கள். இருந்த சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு! கேட்டவர்கள் சிரித்தார்கள். நமது 1,000 ரூபாவைக் கேட்டுச் சிரித்தவர்களை நமக்குத் தெரியும் அல்லவா, அதே சிரிப்புத்தான். இன்று நிலைமை வேறு. 2016 ஏப்ரல் 4 ஆம் திகதி, ஒரே நாளில், கலிபோர்னியாவிலும் நியூயோர்க்கிலும் 15 டொலரைப் படிப்படியாகக் கொண்டுவரும் சட்டங்களில் ஆளுநர்கள் கையொப்பமிட்டார்கள்.

சாண்டர்ஸ் 2015 இலேயே 15 டொலர் கேட்டு செனட் சபையில் சட்டமூலம் கொண்டுவந்தார். கிளின்டன் நாடு முழுவதற்கும் 12 டொலர் போதும் என்றார். செலவு குறைந்த நாட்டுப்புறங்களில் 15 ஐத் திணித்தால் முதலாளிமார் ஆட்களைக் குறைப்பார்கள், முடிந்த மாநிலங்கள் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். அது வெறும் சாக்கு அல்ல. தொழிலாளர் பக்கம் நிற்கும் பொருளாதார நிபுணர்களிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நியூயோர்க்கில் சட்டம் கையொப்பமான அன்று ஆளுநரின் பக்கத்தில் மேடையில் நின்றவர் கிளின்டன். பத்து நாள் கழித்து புரூக்ளின் விவாதத்தில், காங்கிரஸ் 15 டொலர் சட்டத்தை அனுப்பினால் கையொப்பமிடுவேன் என்றும் சொன்னார். எதிரே நின்ற சாண்டர்ஸ் ஆச்சரியப்பட்டுப் போனார்.

முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இருவருமே அந்த உணவுக் கடைத் தொழிலாளருக்குப் பின்னால் வந்தவர்கள்தான்.

பேச்சை விட்டு, ஆள் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பார்ப்போம். கிளின்டன் 1986 முதல் 1992 வரை வோல்மார்ட் நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் இருந்தார். தன் கடைகளுக்குள் தொழிற்சங்கம் காலெடுத்து வைக்கவே விடாத நிறுவனம் அது. 2013 இல் கோல்ட்மன் சக்ஸ் வங்கியில் மூன்று உரைகளுக்கு அவர் பெற்றது 675,000 டொலர். ஏன் அவ்வளவு என்று கேட்டபோது, அவர்கள் கொடுத்தது அவ்வளவு என்றார். ஈராக் போருக்கு 2002 இல் ஆதரவாக வாக்களித்ததும் கணக்கில் உண்டு. மறுபக்கத்தில், 1990களில் எல்லோருக்கும் மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று போராடித் தோற்று, பிறகு 1997 இல் ஏழைப் பிள்ளைகளுக்கான காப்புறுதித் திட்டம் வரப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பிள்ளைகளிடம் போய் அவர் முற்போக்காளர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாண்டர்ஸ் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. புளோரிடா மாநிலத்தில் இமோக்கலி என்ற ஊர் தக்காளித் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே வேலை செய்பவர்கள் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹெயிட்டி நாடுகளிலிருந்து வந்தவர்கள். சம்பளம் வாளிக் கணக்கு. 32 இறாத்தல் தக்காளி நிரம்பிய ஒரு வாளிக்கு அப்போது அரை டொலரும் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்த்து நின்றவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. இறாத்தலுக்கு இன்னும் ஒரு சதம் கொடு என்று அவர்கள் கேட்டது தோட்டத்துரையிடம் அல்ல, தக்காளியை வாங்கும் பெரிய உணவு நிறுவனங்களிடம். நாலு வருடப் பகிஷ்கரிப்புக்குப் பின் 2005 இல் டாக்கோ பெல் இறங்கி வந்தது. 2007 இல் மக்டொனால்ட்ஸ். 2008 ஜனவரியில் சாண்டர்ஸ் அந்த ஊருக்கே போனார். ஏப்ரலில் செனட் சபையில் விசாரணை நடத்த வைத்தார். மே மாதம் பேர்கர் கிங்கும் சம்மதித்தது. அவருடைய வெர்மொன்ட் மாநிலம் நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. இமோக்கலித் தொழிலாளரில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே கிடையாது. 1948 க்குப் பின் வாக்கில்லாமல் வாழ்ந்த தாத்தா பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளான நாம், வாக்கில்லாதவனைத் தேடி ஓர் அரசியல்வாதி போவது எவ்வளவு அபூர்வம் என்று அறிவோம்.

முற்போக்கு என்ற சொல் வயல் தொழிலாளியைக் கைவிட்ட கதை அங்கே பழையது. ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டங்களை இன்றும் முற்போக்கின் உச்சம் என்பார்கள். சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்த 1935 ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்ச சம்பளத்தைத் தந்த 1938 ஆம் ஆண்டுச் சட்டமும் விவசாயத் தொழிலாளரை விலக்கி வைத்தன. தென்மாநிலங்களில் வயலில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த மாநிலங்களின் வாக்கு ரூஸ்வெல்ட்டுக்குத் தேவைப்பட்டது. குறைந்தபட்ச சம்பளம் வயலுக்கு வர 1966 ஆம் ஆண்டாகியது, அதுவும் பெரிய தோட்டங்களுக்கு மட்டும். 1935 சட்டத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை.

சாண்டர்ஸ் குறையில்லாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். துப்பாக்கிக் கம்பனிகளை வழக்கிலிருந்து காப்பாற்றும் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2007 இல் குடிவரவுச் சீர்திருத்தத்தை எதிர்த்ததற்காகக் கிளின்டன் அவரைத் தாக்கினார். ஒரே முதலாளியிடம் கட்டிவைக்கும் தற்காலிகத் தொழிலாளர் முறை அடிமைத்தனத்துக்குச் சமம் என்பதால் எதிர்த்தேன் என்பது அவர் பதில். வளைகுடா நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் லயங்களில் அந்தப் பதில் எடுபடும். இருந்தும், ஆவணமில்லாமல் அங்கே வாழ்ந்த இலட்சோப இலட்சம் பேருக்குக் குடியுரிமைக்கு வழி காட்டிய சட்டமூலமும் அதுவே. விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய டொலோரஸ் ஹுவெர்ட்டா கிளின்டன் பக்கம் நின்றார். தென் கரோலினாவில் கறுப்பின மக்களின் வாக்குப் பலத்தில் கிளின்டன் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்கைப் பெற்றார். ஏழைகள் எல்லாம் சாண்டர்ஸோடு என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கை மறைத்தார்கள்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இதுதான்: சம்பளம், சங்கம் இரண்டிலும் சாண்டர்ஸ் தள்ளாமலே நடந்தவர், கிளின்டன் தள்ளினால் நகரக்கூடியவர். மற்ற விடயங்களில் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக நாம் பார்க்கவேண்டியது, அங்குள்ள சங்கங்கள் தமது வேட்பாளரை எப்படித் தெரிவு செய்தன என்பதை. அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் 2015 ஜூலையிலேயே கிளின்டனை ஆதரித்தது. முதல் வாக்குப் பதிவுக்கு ஏழு மாதம் முன்னர்! அங்கத்தவர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தினோம் என்றது தலைமை. எங்களைக் கேட்கவில்லை என்று பல ஆசிரியர்கள் கொதித்தார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பதால் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கமோ வேலைத்தலங்களில் கூட்டம் வைத்து, மூன்று மாதம் பேசி, அங்கத்தவர் வாக்கெடுத்து, டிசம்பரில் சாண்டர்ஸை ஆதரித்தது. 2016 இல் வெரைசன் கம்பனிக்கு எதிராக அச்சங்கத்தவரும் மின் தொழிலாளர் சங்கத்தவருமாக ஏறத்தாழ 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறியல் நடந்த இடத்துக்கு சாண்டர்ஸும் போனார், கிளின்டனும் போனார்.

2015 ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நம் மலையகச் சங்கங்கள் மேடையேறி ஆதரவு அறிவித்தன. எந்தத் தோட்டக் கமிட்டியில் அது வாக்குக்கு விடப்பட்டது? மாதாமாதம் சந்தா வெட்டப்படும் கொழுந்துப் பெண்களில் யாரிடமாவது கேட்டார்களா? அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை நமது சங்கத்தின் முன்னும் வைக்கப் போகிறோம்.

2016 ஏப்ரல் 26 இல் ஐந்து மாநிலங்களில் நான்கை வென்ற பின் கிளின்டனே வேட்பாளராவார் என்பது ஏறக்குறைய உறுதியானது. ஜூன் 7 இல் கலிபோர்னியா வாக்களித்தது. ஜூலை 25 இல் பிலடெல்பியாவில் கட்சி மாநாடு தொடங்கியது. அங்கே நிறைவேறவிருந்த கொள்கை அறிக்கையில் நியாயமான சம்பளம் என்று எழுதுவார்களா, 15 என்று இலக்கத்தில் எழுதுவார்களா என்று பார்த்திருந்தோம்.