இராவணன் நம் பாட்டனா?

ஈப்போவில் மேடையேறும் அன்பர் சிலர், "இராவணன் நம் பாட்டன்" என முழங்குகின்றனர். பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயில்களிலோ, சிவனே அகத்தியருக்குத் தமிழை அருளினான் என்பர். இரு சாராரும் பிறப்புச் சீட்டைப் புராணத்திலேயே தேடுகின்றனர்!

வால்மீகி பெயரால் வழங்கும் உத்தரகாண்டம் இராவணனைப் புலத்தியர் பேரன், விசிரவசு மகன் என்கிறது. அதாவது, அந்தணர் குலத்தான். அவனைக் கொன்ற பிரமகத்தி தீரவே இராமன் இலிங்கம் நிறுவினான் என்பது இராமேசுவரத்து ஐதிகம். பார்ப்பனியத்தை எதிர்க்கப் பாட்டன் தேடியவர் எவர் வீட்டுப் பேரனாயினர், பார்த்தீர்களா?

புலவர் குழந்தையை யாம் பழிக்கவில்லை. சென்னை அரசு 1948இல் தடைசெய்து, 1971இல் தடை நீங்கிய அவரது இராவண காவியம் தோற்றவன் பக்கம் நின்றது. அங்கே இராவணன் ஓர் அடையாளம். அடையாளத்தைக் கொடிவழியில் எழுதலாகாது.

தமிழின் தனிமைக்குச் சான்று வேறு. 1816இல் எல்லிசும், 1856இல் கால்டுவெல்லும் சொற்களின் வேரை ஆராய்ந்து, தென்மொழிகள் வடமொழியிற் பிறந்தன அல்ல என்று காட்டினர். தொல்காப்பியப் பாயிரமோ அகத்தியர் பெயரையே சொல்லவில்லை.

பிறப்பால் உயர்வு கோருவதைக் கண்டிக்கவே 1929இல் பெரியார் ஈப்போவுக்கு வந்தார். அவ்வூரிலேயே நாம் குலப்பெருமை பேசினால், பெண் கேட்டு வருவோனிடம் "நீ எந்தக் குலம்?" என்னும் பெரியவரை எந்த வாயால் கடிந்துகொள்வது?