குரங்கின் மேல் பழி!

கன்னடத்துத் தோழர்கள் அதை 'மங்கன காயிலெ' என்கிறார்கள். குரங்கு நோய் என்று பொருள். பழி குரங்கின் மேல்! பாவம், அந்தக் குரங்கே காய்ச்சல் கண்டு கிளையிலிருந்து விழுந்து செத்த உயிர். கடித்தது யார்? கடுகத்தனை உண்ணி! காட்டிலே, காய்ந்த சருகிலே காத்துக் கிடக்கும் உண்ணி!

1957-ஆம் ஆண்டு. அன்றைய மைசூர் மாநிலம், சிமோகா மாவட்டம், கியாசனூர் காடு. குரங்குகள் கொத்துக் கொத்தாக மாண்டன. மக்களும் படுத்தனர். கொதிக்கும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் வலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம். உண்ணி பரப்பும் புதிய வைரஸ் கிருமி இது என்று பூனா ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். காட்டின் பெயரே நோயின் பெயராயிற்று.

செத்த குரங்கை விட்டிறங்கும் உண்ணி அடுத்த உடலைத் தேடும். அந்த வழியே நடப்பவர் யார்? மாளிகைவாசியா? பாக்குத் தோட்டத்து உரத்துக்குச் சருகு அள்ளப் போகும் கூலிப் பெண்! மாடு மேய்க்கும் சிறுவன்! விறகு சுமக்கும் கிழவி! நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் மடிகிறார்கள் என்கிறது மருத்துவக் கணக்கு. 1980-களின் தொடக்கத்தில் தென் கன்னடத்துப் பெல்தங்கடி வட்டத்தில், முந்திரித் தோட்டம் போடக் காடு வெட்டினார்கள். நோய் அங்கேயும் பாய்ந்தது. முந்திரி யாருக்கு, சாவு யாருக்கு?

செத்த குரங்குக்கு மாலை போட்டு, தூக்கிச் சென்று அடக்கம் செய்யும் பக்தர்கள் உண்டு. அந்தப் பக்தியோடு வாதாட இன்று நாம் வரவில்லை. தொடாதீர், அதிகாரிக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக் கொள்கிறோம்.

தடுப்பூசி இல்லையா? இருந்தது. 1990 முதல் போட்டார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு, பிறகு மீண்டும், ஆண்டுதோறும் மீண்டும். கை வீங்கி ஒருநாள் கூலி போயிற்றென்றால் யார் தருவார்? பலர் இரண்டாம் ஊசிக்கு வரவில்லை. ஊசியிலும் பலன் போதவில்லை என்று 2022-இல் நிறுத்தினார்கள். நோயைக் கண்டு 65 ஆண்டு கழித்து, கையிலிருந்ததும் போயிற்று! 2008-இலேயே நிலவுக்குக் கலம் அனுப்பிய தில்லிக்கு, மலைநாட்டுக் கூலியின் காய்ச்சல் மட்டும் எட்டாத தொலைவா?

கன்னட நாட்டுச் சேதிதானே என்று இங்கே யாரும் இருந்துவிட வேண்டாம். எல்லை தாண்ட உண்ணி அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. 2012-13-இல் பந்திப்பூரில் குரங்குகள் மடிந்தன. நம் நீலகிரிக் குரங்கின் உடலிலும் அதே கிருமி தென்பட்டது. 2015-இல் வயநாட்டில் மக்கள் துடித்தனர். ஆகவே கேட்கிறோம்: பலன் தரும் புதிய ஊசிக்குப் பணம் ஒதுக்குக! அந்த ஊசி வரும்வரை, காட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்ணி விரட்டும் எண்ணெயைக் காசின்றித் தருக! ஊசி போடும் நாளன்று, கூலியையும் சேர்த்துத் தருக!