ப்ரெபொசிஷனும் நானும் ஒரு வங்கி வாசலும்

போன வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேர வேலைக்கு இன்டர்வியூ. வழி கேட்க போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு மேடம் மூச்சு விடாமல் சொன்னார்: "வாக் பாஸ்ட் தி பேங்க், கோ த்ரூ தி ஆர்ச், அவர் ஆபீஸ் இஸ் ரைட் அக்ராஸ் தி ரோட்." நானும் "ஓகே மேடம்" என்று கெத்தாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

போய் வங்கி வாசலில் நின்றேன். 20 நிமிடம் நின்றேன். 'பாஸ்ட் தி பேங்க்' என்றால் வங்கிக்குப் பக்கத்தில் என்று நினைப்பு. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். எனக்குத் தெரிந்த ஒரே 'பாஸ்ட்', பாஸ்ட் டென்ஸ்தான்! ஒருவழியாக ஆர்ச்சைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேறொரு பையனை எடுத்துவிட்டார்கள். மாதம் கொஞ்சம் காசு வந்திருக்கும். வீட்டில் கேட்டதற்கு "பஸ் லேட்" என்று பொய் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு அன்று தெரியாமல் போனது கஷ்டமான வார்த்தைகள் இல்லை. பாஸ்ட், த்ரூ, அக்ராஸ் எல்லாம் எட்டாம் வகுப்பிலேயே படித்தவை. எப்படிப் படித்தோம்? 'த்ரூ என்றால் மூலமாக, ஓவர் என்றால் மேலே, அக்ராஸ் என்றால் குறுக்கே'. மனப்பாடம் செய், கோடிட்ட இடத்தை நிரப்பு, மார்க் வாங்கு. அவ்வளவுதான். இந்த முறையே தப்பு என்பதுதான் என் கட்சி.

ஒரு உதாரணம். தமிழில் 'ஆற்றை நீந்திக் கடந்தாள்' என்கிறோம். இதில் அக்கரை போய்ச் சேர்ந்ததைச் சொல்வது 'கடந்தாள்'. எப்படிப் போனாள் என்பதைச் சொல்வது 'நீந்தி'. ஆங்கிலத்தில் 'ஷி ஸ்வாம் அக்ராஸ் தி ரிவர்'. எப்படிப் போனாள் என்பது வினைச்சொல்லில் இருக்கிறது. 'கடந்தாள்' எங்கே? அந்தக் குட்டி 'அக்ராஸ்'தான் 'கடந்தாள்'! அதை எடுத்துவிட்டால் பாவம், அவள் ஆற்றிலேயே நீந்திக்கொண்டிருப்பாள்.

நாமோ கடப்பதை வினைச்சொல்லில் தேடுகிறோம். அதனால்தான் 'ஷி க்ராஸ்ட் தி ரிவர் பை ஸ்விம்மிங்' என்று எழுதுகிறோம். இலக்கணத் தப்பு இல்லை. ஆனால் அவர்கள் சாதாரணமாக அப்படிப் பேசுவதில்லை.

இது நம் முட்டாள்தனம் இல்லை நண்பர்களே. லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-லிருந்தே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பயணத்தின் பாதையை வினைச்சொல்லுக்குள் வைக்கும் மொழிகள் ஒரு பக்கம், வினைக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்லில் வைக்கும் மொழிகள் இன்னொரு பக்கம். ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாவது கட்சி. ஸ்பானிஷ், ஜப்பானிய மொழியோடு நம் தமிழையும் அவர் முதல் கட்சியில் சேர்க்கிறார். ஏறு, இறங்கு, நுழை, தாண்டு என்று நமக்கு ஒரே சொல் போதும். அவர்களுக்கு 'கோ அப்', 'கோ டவுன்' என்று ஒட்டுப்போட வேண்டும்.

காமர்ஸ் மக்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் லெட்ஜரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பேலன்ஸ் 'கேரீட் டவுன்'. 'கேரி'யில் கீழே என்ற அர்த்தமே இல்லை, அது முழுக்க 'டவுன்' வேலை. தமிழ் மீடியத்தில் 'கீ/இ', அதாவது கீழ் இறக்கப்பட்டது. 'இறக்கு' என்றாலே கீழேதான்! பக்கத்தில் நிற்கும் 'கீழ்' வெறும் துணைக்கு. இத்தனை வருடம் எழுதியும் நான் இதைக் கவனித்ததே இல்லை.

இந்தக் குட்டிச் சொற்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அறுவடை முடிந்த வெறும் வயலில் நடந்தால் 'அக்ராஸ் தி ஃபீல்ட்', ஏனென்றால் அது தரை. ஆளுயரம் சோளம் நிற்கும்போது நடந்தால் 'த்ரூ', ஏனென்றால் சுற்றிலும் பயிர். சுவர் ஏறிக் குதித்தால் 'ஓவர்'. எதையும் தொடாமல் பக்கவாட்டில் தாண்டிப் போனால் 'பாஸ்ட்'. இந்த 'பாஸ்ட்' ஒரு காலத்தில் 'பாஸ்' என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். நம் 'வங்கியைத் தாண்டி'யில் வரும் 'தாண்டி'யும் அதே மாதிரி வினையிலிருந்து வந்ததுதானே? 'பாஸ்ட் என்றால் தாண்டி' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்கும்!

முன்னால் ஒரு அட்வெர்ப் வந்து உட்கார்ந்தால் இன்னும் சுவாரஸ்யம். 'ஹாஃப்வே அக்ராஸ்' என்றால் பாதி தூரம்தான் கடந்தது. 'ரைட் த்ரூ' என்றால் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தாயிற்று. 'ஷி வாக்ட் ஸ்ட்ரெயிட் பாஸ்ட் மீ' என்றால் நின்றுகூடப் பார்க்காமல் போய்விட்டாள் (இதற்கு அனுபவ விளக்கம் கேட்காதீர்கள், ஹி ஹி). ஆனால் 'வெரி த்ரூ' என்று சொல்லக் கூடாது. அந்த மேடம் சொன்ன 'ரைட் அக்ராஸ் தி ரோட்' பயணமே இல்லை, இடம். ரோட்டைக் கடந்தால் எங்கே போய் நிற்போமோ, சரியாக அந்த இடம்.

"நாலு இங்கிலீஷ் நாவல் படி, தானா வரும்" என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். உண்மைதான். வீட்டில் நாவலும், வாங்கக் காசும், பேச ஆளும் இருப்பவர்களுக்குத் தானாக வரும். மற்றவர்களுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். 'ஆங்கிலத்தில் எப்படிப் போனான் என்பது வினையில், எதைக் கடந்தான் என்பது குட்டிச் சொல்லில். தமிழில் இது தலைகீழ்.' இதைச் சொல்லிவிட்டு, பிறகு கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லட்டும். அதைவிட முக்கியம், தடுமாறுகிற பையனிடம் 'உனக்கு இங்கிலீஷ் வராது' என்று சொல்லாமல், 'உன் மொழி வேறு மாதிரி அடுக்குகிறது' என்று சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பையனின் தன்னம்பிக்கையே இருக்கிறது.

இப்போது பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் தம்பிக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று அவனாகவே ஒரு வாக்கியம் எழுதினான்: 'தி டாக் ரேன் த்ரூ அவர் ஹவுஸ்.' "ஏன்டா 'இன்டு' போடலை?" என்றேன். "உள்ள வந்துட்டு பின்வாசல் வழியா போயிடுச்சுண்ணே" என்றான்.

உங்களுக்கும் இப்படி வங்கி வாசல் அனுபவம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் ஆரம்பித்து வைத்துவிட்டேன்.