மணிலாவில் இறங்கிய மதராஸ் படை

எம்டன் என்றால் சென்னையில் தெரியாதவர் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதற்கு உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கரையிறங்கப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியதை எங்கள் ராயபுரத்துப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கடல் வழியாக நமக்கு வந்த ஆபத்தையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறோம். இதே கரையிலிருந்து ஒரு படை கிளம்பிப் போய், நமக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஊரில் இறங்கி அதைச் சூறையாடியது மட்டும் நம் பேச்சில் வருவதே இல்லை.

அந்த ஊர் மணிலா. ஆண்டு 1762. ஐரோப்பாவில் நடந்த ஏழாண்டுப் போரில் ஸ்பெயினும் சேர்ந்துகொள்ள, அதன் கையில் இருந்த பிலிப்பைன்ஸைப் பிடிக்க ஆங்கிலேயர்கள் மதராஸில் படை திரட்டினார்கள். தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர், கப்பல்களுக்கு சாமுவேல் கார்னிஷ். ஆகஸ்ட் 1 அன்று பாய் விரித்தார்கள். வெள்ளைக்கார ரெஜிமென்ட் ஒன்று, மாலுமிகள், அவர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் சுமார் 600 பேர், பீரங்கி இழுக்கவும் மண் வெட்டவும் ஆயுதமில்லாத லஸ்கர்கள் பல நூறு பேர். சிப்பாய்களில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தார்கள். எல்லாரும் கூலிக்குப் போனவர்கள்.

இவ்வளவு பேர் கப்பல் ஏறியது எப்படி என்பதை யாரும் எழுதுவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம். அன்று இங்கே துறைமுகம் கிடையாது. அந்த வேலையே 1870களில்தான் தொடங்கியது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில், அடுத்தடுத்து மடிந்து விழும் அலை வரிசை. கப்பல்காரன் தன் சொந்தப் படகை அதற்குள் விடப் பயப்படுவான். உள்ளே போய்வந்தது நம்மவர்களின் மசூலாப் படகு. அதில் ஆணி இல்லை, உள்ளே விலாச்சட்டமும் இல்லை. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரை தட்டினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கவிழ்ந்தால் ஆளைத் தூக்கப் பக்கத்திலேயே கட்டுமரம் வரும்.

துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வாடைக் காலத்தில் வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்கு ஆள் ஏற்றிவிடுவது என் வேலையாக இருந்தது. லாஞ்ச் அலை மேலே எழும் அந்த நொடியில் ஏணியைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் கால் நசுங்கும். இன்ஜினும் ரப்பர் தடுப்பும் இருந்த எங்களுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். துடுப்பை மட்டும் நம்பி, நீச்சல் தெரியாத சிப்பாய்களையும் துப்பாக்கியையும் வெடிமருந்துப் பீப்பாயையும் அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் கைத்திறன் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். டிரேப்பரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

செப்டம்பர் 24, மணிலாவுக்குத் தெற்கே மலாத்தே தேவாலயத்துக்குப் பக்கத்தில் கரையிறங்கினார்கள். அங்கேயும் அலை கொந்தளித்தது. கப்பல்களின் நீளப் படகுகள் பல அடிபட்டு நொறுங்கின, வெடிமருந்து நனைந்தது. உயிர்ச்சேதம் மட்டும் இல்லை. போர் மூண்ட செய்தியே மணிலாவுக்கு வந்து சேரவில்லை. ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் ஒரு பேராயர். அக்டோபர் 6ல் கோட்டை விழுந்தது. பிறகு கொள்ளை. அதோடு 40 லட்சம் டாலர் மீட்புப் பணமும் கேட்டார்கள். மதராஸ் கவுன்சில் உறுப்பினர் டாசன் டிரேக் அங்கே ஆளுநராக உட்கார்ந்தார். 1764ல் ஊரை ஸ்பெயினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்தா என்ற ஊர்ப்பக்கம் தங்கி, அங்கேயே பெண் எடுத்துக் குடும்பமானார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருப்பதாக அந்த ஊரே சொல்கிறது. மொரிஷியஸுக்கும் பினாங்குக்கும் போன தமிழர்களை மாநாடு போட்டுக் கொண்டாடுகிறோம், நல்லது. காயின்தாவை ஏன் விட்டோம்? படையெடுத்துப் போன கதை என்பதால் கூச்சமா? கூச்சம் இருக்க வேண்டியதுதான். அதற்காக மறைக்க வேண்டுமா? 1810ல் மொரிஷியஸ், 1811ல் ஜாவா, 1824ல் ரங்கூன் என்று மதராஸ் படை கரையிறங்கிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளைக்காரனின் சண்டை என்று கைகழுவிவிட முடியாது. துப்பாக்கி பிடித்ததும் துடுப்பு பிடித்ததும் நம் கைகள்.

ராயபுரத்தில் 1829ல் எழுந்த புனித ராயப்பர் தேவாலயம் படகோட்டிகள் தங்கள் காசில் கட்டியது. அவர்கள் படகு ஏற்றிய கரை இன்று இல்லை. துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது; வடக்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் தின்றது. இப்போது அங்கே கிடப்பது கருங்கல் அணை. அந்தப் பக்கம் படகோட்டிகளுக்கு ஒரு பெயர்ப் பலகையைக்கூட நான் பார்த்ததில்லை.

துறைமுக நிர்வாகமும் மாநகராட்சியும் நினைத்தால் செய்ய முடியாத வேலை இல்லை இது. முழு அளவில் ஒரு மசூலாப் படகைத் தைத்து ராயபுரத்தில் வெயில்படாமல் வைக்க வேண்டும். ஒடிசாக் கரையில் அண்மைக் காலம்வரை தைத்த படகு கட்டியிருக்கிறார்கள். கை மறப்பதற்குள் அவர்களைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் வைக்கும் கல்லில் மணிலா சூறையாடப்பட்டதையும் எழுத வேண்டும், தமிழிலும் தகலோக் மொழியிலும். திறப்பு விழாவுக்கு அமைச்சர்களுக்கு முன்னால் காயின்தாக்காரர்களுக்கு அழைப்பு போகட்டும்.