ஊருக்கு ஆறுதல் சொல்பவருக்கு யார் ஆறுதல்?

ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் அவரைக் கூப்பிடுகிறார்கள். புருஷனும் மனைவியும் சண்டை போட்டால் அவரிடம்தான் போகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர்தான் வந்து ஜெபம் செய்ய வேண்டும். அவர்தான் சபையின் போதகர்.

எல்லோர் துயரத்தையும் அவர் கேட்கிறார். அவருடைய துயரத்தை யாரிடம் சொல்வார்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினரே. குன்னம் பக்கம் ஒரு சபை, வேப்பந்தட்டை பக்கம் ஒரு சபை என்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் காணிக்கையும் பொய்க்கும். போதகர் வீட்டில் அடுப்பு எரியாத நாளும் உண்டு. அதை சபையில் சொல்ல முடியுமா? "நமக்கு விசுவாசத்தைப் போதிக்கிறவரே இப்படிக் கலங்குகிறாரே" என்று பேசுவார்கள். மேலிடத்தில் சொல்லலாம் என்றால், மாற்றல் உத்தரவு வருமோ என்று பயம். மனைவியிடம் சொன்னால், பாவம், அந்த அம்மாள் ஏற்கெனவே பாதிச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்!

சவேரியாரின் கடிதங்கள்

இந்தத் தனிமை புதியது அல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். அவருக்குத் துணையாக இருந்தவர் மான்சிலாஸ். இருவரும் ஆளுக்கொரு ஊராக அலைந்தார்கள். 1544-ல் சவேரியார் அவருக்கு அடிக்கடி கடிதம் எழுதினார். "பொறுமையாக இரும், மக்களிடம் அன்பாக இரும், உம்முடைய செய்திகளை எழுதும்" என்ற கருத்து அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வளவு பெரிய மகானுக்கே, தோழனிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது.

அரியலூர்ச் சீமையிலேயே ஒரு சான்று உண்டு. கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் எழுதிய இன்னொரு நூல் 'வேதியர் ஒழுக்கம்'. யாருக்காக எழுதினார்? கிராமங்களில் குருவானவர் வராத நாட்களில் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார்களுக்காக! காவியம் பாடிய கை அவர்களுக்காக எளிய உரைநடை எழுதியது.

கூட்டம் வேறு, கூடுதல் வேறு

"போதகர் ஐக்கியம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அங்கே பல சமயம் நடப்பது என்ன? ஒருவர் பிரசங்கம் செய்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். சால்வை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். "உங்கள் சபையில் எத்தனை பேர்?" என்று ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிறார்கள். அங்கே போய், "எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை, ஐயா" என்று யார் சொல்வார்?

நாலைந்து பேர் போதும். ஒரே மிஷனைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறு வேறாக இருந்தால் மாற்றல், பதவி என்ற போட்டிகூட இராது. மேலதிகாரி யாரும் வரக்கூடாது. பேசியது அந்த அறையைத் தாண்டக்கூடாது. இந்த ஒன்றில் தவறினால் எல்லாம் போயிற்று. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், இன்னொருவர் அவர் சபையில் ஞாயிறு ஆராதனையை நடத்திக் கொடுக்க வேண்டும். மனைவிமாரும் தனியே கூடிப் பேச வேண்டும். அவர்களுக்கும் பேச ஆள் இல்லை.

மனம் மிகவும் சோர்ந்து, சாப்பாடும் தூக்கமும் அற்றுப் போனவரை ஜெபத்தோடு மட்டும் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போகவும் அந்த நண்பர்கள் தயங்கக்கூடாது.

சபையாரும் ஒன்று செய்யலாம். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போதகரைக் கூப்பிடாமல் விட்டுவிடுங்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோ மீட்டர்தான். இந்த மாதம் செந்துறையில் ஒருவர் வீடு, அடுத்த மாதம் ஆலத்தூரில் ஒருவர் வீடு. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள். பகல் சாப்பாட்டை அந்த வீட்டு அம்மாள் தலையில் கட்டாமல், ஆளுக்கொரு பொட்டலமாகக் கொண்டுபோகட்டும்.