மாளிகை மலையடியில்; உழைப்பவர் மலைக்கு அப்பால்!

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் வயோமிங் மாநிலத்திலே, டீட்டன் கணவாய் என்னும் மலைவழியில், நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அடியோடு பெயர்ந்து பள்ளத்தில் சரிந்தது. போக்குவரத்தை முன்னரே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மலையடிவாரத்து ஜாக்சன் நகரம் கதிகலங்கிப் போயிற்று.

சாலை சரிந்தால் ஊர் ஏன் கலங்க வேண்டும்? வேறு வழியில் செல்வதுதானே என்பீர்கள். வேறு வழி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிக்கொண்டு வர வேண்டிய வழி! யார் வர வேண்டும்? உணவு விடுதியில் அடுப்பு மூட்டுபவர் வர வேண்டும். மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் செவிலியர் வர வேண்டும். பள்ளி ஆசிரியர், காவலர், தச்சர், தங்கும் விடுதியில் படுக்கை விரிக்கும் பெண் — இத்தனை பேரும் மலைக்கு அப்பாலிருந்து, ஐடஹோ என்னும் அடுத்த மாநிலத்தின் விக்டர், டிரிக்ஸ் போன்ற சிற்றூர்களிலிருந்து வர வேண்டும். ஊரை நடத்துகிறவர்களுக்கு ஊரிலே வீடு இல்லை! பல ஆண்டுகளாக மூடி மறைத்த அந்த உண்மையை, மலை ஒரே நாளில் அம்பலத்தில் வைத்துவிட்டது.

எங்கோ இருக்கும் நாட்டுப்புறத்தின் கதை இந்த ஏட்டுக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கக் கூடும். வரியைக் குறை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஓதுகிற கூட்டம் ஒரு நாட்டில் மட்டும் இல்லை, தோழர்களே! அந்த மந்திரம் செல்வம் கொழிக்கும் இடத்தில் என்ன விளைவித்தது என்று பார்த்து வைப்பது நல்லது.

டீட்டன் கவுண்டி, கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 23,331 பேர். அவர்களில் 10,760 பேர் ஜாக்சன் நகரத்தினர். வானை முட்டும் சிகரங்கள், பனி, ஆறு, கூட்டம் கூட்டமாய் எல்க் மான்கள். நகரத்துச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் மான் கொம்புகளை அடுக்கி வளைவு கட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வருவோர் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. பெயரளவில் இது நாட்டுப்புறம். ஆனால் தனிநபர் வருமானக் கணக்கிலோ, அமெரிக்காவின் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் ஆண்டுக்கு ஆண்டு முதலிடம் பிடித்து வந்திருப்பது இதுதான்!

அப்படியானால் பாத்திரம் கழுவுபவரும் பணத்தில் புரள்கிறாரா? இல்லை. சராசரி என்பது பொல்லாத மாயக்காரன். பத்துப் பேர் பட்டினி கிடக்கும் கூடத்துக்குள் ஒரு கோடீசுவரன் நுழைந்தால், கணக்குப்படி பதினொருவரும் இலட்சாதிபதிகள்! பொருளாதாரக் கொள்கைக் கழகம் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. டீட்டன் கவுண்டியில் 100-க்கு ஒருவராக உச்சியில் இருப்போரின் சராசரி வருமானம், எஞ்சிய 99 பேரின் சராசரியைப் போல 142 மடங்கு. 2015-ஆம் ஆண்டு நிலை அது. அந்த உச்சியாரின் வருமானமும் பெரும்பாலும் பங்கு ஆதாயமும் வட்டியுமாக வந்து குவிவது, கூலியாக வந்ததன்று.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஒரே காட்சியில் மாளிகையையும் குடிசையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், 'மிகைப்படுத்துகிறான்' என்று திறனாய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஜாக்சனில் அந்தத் தொல்லை இல்லை. குடிசைக்கே அங்கு இடமில்லை! தனி வீடு ஒன்றின் விலை பத்து இலட்சம் டாலரைக் கடந்து ஆண்டுகள் பல ஆயின. கோடைக்காலத்தில் வேலைக்கு வந்தோர் காட்டோரத்தில் காரை நிறுத்தி, அதற்குள்ளேயே உறங்கி, விடிந்ததும் சீருடை அணிந்து விருந்தினரை வரவேற்கச் சென்ற செய்திகள் வந்தன. மெக்சிகோவின் த்லாஸ்காலா மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், சிறு இல்லங்களில் பலர் சேர்ந்து முடங்கி வாழ்கின்றன. செல்வர் வீட்டுப் புல்வெளியைச் செதுக்குபவர்களும் சமையற்கட்டைத் துடைப்பவர்களும் அவர்களே.

இடம் இல்லை என்கிறார்களே, ஏன் இல்லை? கவுண்டியின் நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு பொது நிலம்: தேசியப் பூங்கா, தேசியக் காடு, மான் காப்பிடம். அதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. இளைய ஜான் ராக்ஃபெல்லர், 1927 முதல், தம் பெயர் வெளியே தெரியாதபடி ஒரு நிலக் குழுமத்தின் பெயரால் பண்ணைகளை வாங்கிக் குவித்தார். பின்னர் 30,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தைப் பூங்காவுக்கென்று நாட்டுக்கு வழங்கினார். 1950-இல் இன்றைய பெரும் பூங்கா உருவாயிற்று. அப்போது உள்ளூரார் எழுப்பிய கேள்விகளில் ஒன்று கேட்கத்தக்கது: நிலம் எல்லாம் நடுவணரசுக்குப் போய்விட்டால், கவுண்டிக்குச் சொத்து வரி யார் கட்டுவார்? பள்ளியும் சாலையும் எதைக் கொண்டு நடக்கும்? அந்தக் கேள்வியின் நியாயத்தை ஏற்று, இழந்த வரிக்கு ஈடு தரும் ஏற்பாட்டை அந்த ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். வரி என்பது ஓர் ஊரின் மூச்சு என்பதை அன்றைய மாடு மேய்ப்பர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய மாளிகைவாசிகள் மறந்துவிட்டார்கள்.

பூங்காவை நான் குறைகூற வரவில்லை. மலையும் மானும் எல்லோருக்கும் பொது, பொதுவாகவே இருக்கட்டும். 2025-இல் யூட்டா மாநிலத்து மேலவை உறுப்பினர் மைக் லீ, மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தை விற்று வீடு கட்டலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பவே திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெற்றது நன்று. விற்பனைக்கு வந்த நிலம் யார் கைக்குப் போகும்? ஏலத்தில் பாத்திரம் கழுவுபவரா கை தூக்கப் போகிறார்!

நெருக்கடி எஞ்சிய 3 விழுக்காட்டில்தான் இருக்கிறது. சுற்றிலும் கெடாத காடு என்பதாலேயே அந்தச் சிறு நிலத்தின் விலை வானேறுகிறது. பக்கத்தில் இன்னொரு வீடு எழாது என்ற உறுதியும் செல்வருக்குக் கிடைக்கிறது. நிலத்தில் எதுவும் கட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் வருமான வரியில் கழிவும் உண்டு. இயற்கையைக் காக்கும் புண்ணியமும் கணக்கில் சேர்கிறது, தொழிலாளி குடியிருப்பு அருகே வராத வசதியும் கிட்டுகிறது! யேல் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஜஸ்டின் ஃபாரெல், இந்தக் கவுண்டியின் பெருஞ்செல்வரையும் ஏழைகளையும் கண்டு பேசி, 2020-இல் இதைப்பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார்.

இப்போது வரிக்கு வருவோம். வயோமிங்கில் வருமான வரி கிடையாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் கொடுத்த வருவாயில் காலம் தள்ளிய மாநிலம் அது. வருமான வரி இல்லாத ஊர், அழகான ஊர் — பெருஞ்செல்வர் வந்து இருப்பிடம் பதியாமல் இருப்பாரா? பதிந்தார்கள். அதே வேளையில், அவர்கள் வீட்டில் வேலை செய்துவிட்டு மாலையில் மலை ஏறி ஐடஹோவுக்குத் திரும்புகிறாரே, அவர்? ஐடஹோ வருமான வரி வாங்கும் மாநிலம். தன் எல்லைக்குள் குடியிருப்பவர் வேறு மாநிலத்தில் ஈட்டிய கூலியையும் அது கணக்கில் சேர்க்கும். ஆக, கோடி கோடியாகச் சேர்க்கும் முதலாளியின் வருமானத்துக்கு மாநில வரி இல்லை. அவர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்பவரின் கூலிக்கு உண்டு! மலையின் இந்தப் பக்கத்தில் வீடு கிடைக்காத குற்றத்துக்கு அபராதம் போலும்!

சொத்து வரி உண்டே என்பர். உண்டு. வீட்டின் சந்தை மதிப்பில் 9.5 விழுக்காட்டை மட்டும் கணக்கில் எடுத்து, அதன்மேல் வரி விதிப்பது வயோமிங் முறை. அளவில் பெரிதன்று. ஆயினும் அது வதைப்பது வேறொருவரை. நாற்பது ஆண்டுக்கு முன் மலிவாக ஒரு வீடு வாங்கி, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாதாந்திரத் தொகையில் வாழும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அண்டை மனைக்குக் கோடீசுவரர் வந்து சேர்ந்தார். மூதாட்டியின் வீட்டு மதிப்பும் ஏறிற்று. வரிச் சீட்டும் ஏறிற்று. வருமானமோ ஏறவில்லை. விற்றால் பணம் வரும். ஆனால் விற்றபின் எங்கே போவார்? அதே ஊரில் இன்னொரு வீடு வாங்க முடியாதே!

பண்ணைக்காரரின் வேடத்திலும் சிலர் தப்புவதுண்டு. விவசாய நிலத்துக்குச் சந்தை விலைப்படி வரி இல்லை, விளைச்சல் ஆற்றலின்படியே வரி என்பது சட்டம். மெய்யான உழவரைக் காக்க எழுதிய நல்ல சட்டம். ஆனால் விவசாயி என்று காட்ட, சொந்த நிலத்திலிருந்து ஆண்டுக்கு 500 டாலர் வரும்படி போதும் என்று நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். கோடி டாலர் நிலத்தில் நாலு மாட்டை மேய விட்டு, கொஞ்சம் வைக்கோலை விற்றுவிட்டால், உழவர் பெருமகன்! கலப்பை பிடிக்காத கைக்கு உழவர் பட்டம் தரும் வேடிக்கையை நான் நாடகத்தில் எழுதினால் கொட்டகை சிரிப்பால் அதிரும்.

மூதாட்டியின் துயரை வயோமிங் சட்டமன்றம் கண்டது. 2024-இல், 65 அகவை கடந்து, 25 ஆண்டுகள் சொத்து வரி கட்டியோருக்குப் பாதி விலக்கு அளித்தது. நன்று, கை தட்டுவோம். வரி ஓராண்டில் 4 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி வரம்பும் கட்டியது. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து, குடியிருப்பு வீடுகளைத் தனி வகையாகப் பிரிக்க மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினர். அதன்பின் 2025-இல் வந்தது பெரிய சட்டம்: வீட்டு மதிப்பின் முதல் பத்து இலட்சம் டாலருக்கு 25 விழுக்காடு தள்ளுபடி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கில் எடுத்த மதிப்பில் ஆயிரத்துக்கு 60 டாலர் வரி என்று வைத்துக்கொண்டால், பத்து இலட்ச டாலர் வீட்டுக்கு 5,700 டாலர் வரி. தள்ளுபடி 1,425. ஒரு கோடி டாலர் மாளிகைக்கும் அதே 1,425. வாடகைக்குக் குடியிருக்கும் செவிலியருக்கு? வரிச் சீட்டு அவர் பெயரில் வருவதில்லை. தள்ளுபடியும் அவர் கைக்கு வருவதில்லை. வீட்டுக்காரர் மனமிரங்கி வாடகையைக் குறைத்தால் உண்டு. குறைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தீயணைப்புப் படைக்கும் நூலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் குறைந்துபோகும் வருவாயை மாநில அரசு ஈடு செய்யவும் இல்லை. யாருக்காகவோ கொதித்த உலையில் யாருக்கோ சோறு!

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் என்று என்னை மேடைக்கு மேடை ஏசுவோர் உண்டு. அவர்களுக்கு ஹென்றி ஜார்ஜ் என்ற பெயரை நினைவூட்டுவேன். பதினான்கு வயது நிறையுமுன் பள்ளியை விட்டவர், அச்சுக் கோத்துப் பிழைத்தவர், அமெரிக்கர். 1879-இல் அவர் எழுதிய 'முன்னேற்றமும் வறுமையும்' உலகெங்கும் படிக்கப்பட்டது. அவர் கேட்டது எளிய கேள்வி: மனையின் விலை ஏறுகிறதே, ஏற்றியவர் யார்? உடையவர் அதில் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. ஊர் வளர்ந்தது, சாலை வந்தது, மக்கள் உழைத்தார்கள், விலை ஏறிற்று. ஊரார் ஏற்றிய மதிப்பை வரியாக ஊருக்கே திருப்புக என்றார். வீட்டைக் கட்டியவன்மேல் வரி வேண்டாம். வெறும் நிலத்தின் ஏற்றத்தின்மேல் போடு என்றார்.

ஜாக்சன் மனையின் விலையை ஏற்றியவர் யார்? மலையைப் படைத்தவர் எவருமிலர். பூங்காவைப் பேணுவது நாடு. விடுதியை நடத்துவது மலைக்கு அப்பாலிருந்து வரும் தொழிலாளி. ஏறிய விலையை எடுத்துக்கொள்பவரோ மனையை வாங்கிப் பூட்டி வைத்தவர்.

அந்த ஏற்றத்தில் ஒரு சிறு பங்கையாவது பெற அவ்வூர்ப் பிரதிநிதிகள் முயலாமல் இல்லை. பெரிய விலைக்குச் சொத்து கைமாறும்போது சிறு விழுக்காடு வரி வாங்கி, அதைக் கொண்டு உழைப்போருக்கு வீடு கட்டலாம், அதற்கு அனுமதி தாருங்கள் என்று மாநிலச் சட்டமன்றத்தில் பலமுறை கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஆகவே 2022-இல் ஒரு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரியின் பங்கிலிருந்து வீட்டு வசதிக்கு ஒதுக்க வாக்காளர்கள் ஒப்பினர். உள்ளூராரின் நல்லெண்ணத்தைப் போற்றுகிறேன். ஆனால் வரியின் போக்கைப் பாருங்கள்! சட்டையும் காலணியும் வாங்கும் தொழிலாளி தன் பங்கைக் கட்டுகிறார், தனக்கு வீடு கட்ட. கோடிக்கணக்கில் மாளிகையை விற்றவர், அந்தக் கைமாற்றுக்கு ஒரு சென்ட்கூடக் கட்டாமல் போகிறார்.

சரிந்த சாலைக்கு மாற்றாக ஒரு தற்காலிகப் பாதையை அதே ஜூன் 28-இல் திறந்துவிட்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. பொறியாளர் இருந்தனர், எந்திரம் இருந்தது, பணம் இருந்தது, முதலாளிகளின் அவசரமும் இருந்தது. மறுநாள் முதல் தொழிலாளர் வண்டிகள் பழையபடி மலை ஏறி இறங்கின. இப்போது ஐடஹோப் பக்கத்து ஊர்களிலும் விலை துரத்திக்கொண்டு ஏறுகிறது. விக்டரில் முடியாதவர் டிரிக்ஸுக்கும், அங்கும் முடியாதவர் இன்னும் அப்பாலும் போகிறார். வரியைக் குறைத்தால் வீடு வரும் என்று பேசுவோர், 2025-இன் தள்ளுபடியால் ஜாக்சனில் எத்தனை செவிலியருக்கு எத்தனை வீடு எழுந்தது என்று எண்ணிச் சொல்லட்டும். கேட்டுக்கொள்ள நாம் காத்திருக்கிறோம்.