மருந்தை நிறுத்துதலும் மருந்தைக் கைவிடுதலும்

புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்றுவந்த ஒருவர் அதனை இடைநடுவில் நிறுத்திவிட்டார் என்று கேள்வியுற்றதும், நம்மவர் நாவில் முதலில் எழுவது இரக்கமன்று, கண்டனமே. 'தைரியமில்லாதவர்', 'சொல்வழி கேளாதவர்', 'விதியை வலிந்து அழைப்பவர்' என்றெல்லாம் படித்தவர்களும் கூசாது பேசுவர். நிறுத்துதல், கைவிடுதல் என இரு சொற்கள் நம் மொழியில் இருக்கின்றன. ஒன்று ஆராய்ந்து செய்வது. மற்றையது ஆற்றாமையால் நேர்வது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி நோயாளரை வைதுகொண்டிருப்பது பெருந்தவறு என்பதே என் துணிபு.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகம் தெளிவாகக் கண்டுகொண்டது மெலனோமா என்னும் தோற்புற்றிலே எனலாம். தோலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்களிலே தோன்றும் இந்நோய் வெள்ளையரிடையே மிகுதி, நம்மவரிடையே அரிது. அரிதாக வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய, வெயில் அதிகம் படாத இடங்களிலே பெரும்பாலும் வருகிறது. கறுப்புத்தழும்பு, நகக்கண்டல் என்று எண்ணி நாட்கடத்திவிடுகிறோம். ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லிக்கு 1977ஆம் ஆண்டிற் கால்விரல் நகத்தின் அடியிலே கண்டது இதுவே. 1981ஆம் ஆண்டில், 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மார்லியின் காலத்தில் இந்நோய் பரவியபின் கொடுக்கத்தக்க நல்ல மருந்து இருக்கவில்லை. 1990களில் இன்டர்பெரோன் வந்தது. அறுவைக்குப் பின் நோய் மீளாதிருக்க ஓராண்டு முழுவதும் ஊசியாக ஏற்றப்பட்டது. ஓயாத காய்ச்சலும் சோர்வும், சிலரிடத்து வாழ்வையே வெறுக்கச் செய்யும் மனத்தளர்ச்சியும் அதனால் உண்டாயின. அளவைக் குறைத்தவரும் முற்றாக நிறுத்தியவரும் பலர். இன்று அம்மருந்து ஏறக்குறைய ஒதுக்கப்பட்டுவிட்டது.

பின்னர் வந்தவை முற்றிலும் வேறுவகையின. நம் உடலிற் காவற்படை போன்ற அணுக்கள் உண்டு. அவை அளவுகடந்து சீறாதபடி இயற்கை கடிவாளம் இட்டிருக்கிறது. புற்றுநோய் அக்கடிவாளத்தைத் தனக்குச் சாதகமாகப் பற்றிக்கொள்கிறது. அதனைத் தளர்த்தினால் காவலணுக்களே நோயைத் தாக்கும். இவ்வழி கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ ஆகிய இருவரும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இப்பிலிமுமாப், நிவோலுமாப் என்பன அவ்வழி பிறந்த மருந்துகள். ஆனால் கடிவாளம் தளர்ந்த குதிரை எதிரியை மட்டுமா மிதிக்கும்? குடல், ஈரல், நுரையீரல், தைரொயிட் சுரப்பி எனச் சொந்த உறுப்புகளையும் அது தாக்கும். சாதாரண வயிற்றோட்டம் போலத் தொடங்குவது, கவனியாதுவிட்டாற் குடலைத் துளைத்து உயிருக்கே உலைவைக்கவும் கூடும். உரிய வேளையிற் கண்டு ஸ்டீரொயிட் கொடுத்தாற் பெரும்பாலும் தணியும்.

அவ்விரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களைப் பற்றி 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரண்டு பரிசோதனைகளைச் சேர்ந்த 409 நோயாளரில் 176 பேர் பக்கவிளைவு காரணமாகச் சிகிச்சையை நிறுத்தியிருந்தனர். அவருள் 96 பேர் இருமருந்தும் சேர்த்தேற்றும் தொடக்கக் கட்டத்திலேயே நிறுத்தினவர். நோய் எவ்வளவு சுருங்கிற்று என்று பார்த்தபோது, தொடக்கத்திலேயே நிறுத்தியவரில் நூற்றுக்கு 58 பேரிடத்தும், பக்கவிளைவால் நிறுத்தாதவரில் நூற்றுக்கு 50 பேரிடத்தும் மருந்து பலன் கொடுத்திருந்தது! முன்னவர் பின்னவரினும் நல்லூழினர் என்று இதற்குப் பொருளன்று. நிறுத்தியதால் அவர்கள் பெரிதாக எதனையும் இழக்கவில்லை என்பதே பொருள். விழித்தெழுந்த காவலணுக்கள் மருந்து நின்றபின்னும் தம் தொழிலைத் தொடர்கின்றன போலும்.

இதைக் கேட்டு எவரும் தத்தம் மருந்துப் போத்தலை மூடிவைத்துவிடலாகாது. அந்நோயாளர் அனைவரும் வைத்தியர் கண்காணிப்பிலே நிறுத்தினவர், நிறுத்தியபின்பும் பார்க்கப்பட்டவர். மெலனோமாவுக்கே தரப்படும் வேறுசில மாத்திரைகள் உட்கொள்ளும் வரையிலேயே வேலை செய்வன. டப்ராபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டும் கடுங்காய்ச்சலை உண்டாக்கினால், சில நாள் நிறுத்திக் காய்ச்சல் தணிந்தபின் மீண்டும் தொடங்குவது முறை. எதை நிறுத்தலாம், எதை இடைவிடலாம், எதைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தே ஆகவேண்டும் என்பதை மருந்தின் இயல்புதான் தீர்மானிக்கிறது. நோயாளரின் வீரம் அன்று.

விலையுயர்ந்த இப்புதுமருந்துகள் நம் தீவகத்தார் எத்தனை பேருக்குக் கிட்டும் என்பது வேறு கதை. நம்மிடையே மிகுந்து காண்பன ஆண்களுக்கு வாய்ப்புற்றும் பெண்களுக்கு மார்புப்புற்றுமே. ஆயினும் கேள்வி அங்கேயும் அதுதான். தீவகத்தில் அதனோடு கடலும் சேர்ந்துகொள்கிறது.

குறிகட்டுவான் இறங்குதுறையைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நெடுந்தீவிலிருந்து அங்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகருக்கு 30 கிலோமீற்றர் அளவில் வழி. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டுமாயின் அதன்மேலும் 15 கிலோமீற்றர் அளவில் வடக்கே செல்ல வேண்டும். நயினாதீவார்க்குக் கடல் சற்றுக் குறைவு, தரைவழி அதேதான். நல்ல உடலினரே சோழகம் வீசுங் காலத்தில் அப்படகிலே குடலைப் பிரட்டிக்கொண்டு வருவர். மருந்தேற்றிய மறுநாள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக ஒருவர் அதில் எவ்வாறு அமர்ந்திருப்பார்? கீமோ ஏற்றியபின் சில நாளில் வெள்ளணுக்கள் குறைந்திருக்குங்கால் வரும் காய்ச்சல் மணிக்கணக்கில் உயிரைக் குடிக்க வல்லது. நகரத்தார் ஓட்டோவில் ஓடிவிடுவர். நெடுந்தீவார்க்கு நள்ளிரவில் எந்தப் படகு? கடற்படைப் படகில் நோயாளரைக் கரைசேர்த்த செய்திகளை அவ்வப்போது நாளேடுகளிற் படிக்கிறோம். அஃது இல்லாத இரவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, 'மருந்து ஒத்துவரேல்லைத் தம்பி, நான் விட்டிட்டன்' என்று ஒரு தீவகப் பெரியவர் சொல்லுங்கால், யான் அதனை அறியாமை என்று கொள்ளேன். மருந்தையும் கடலையும் ஒருசேர எடைபோட்டு அவர் கண்ட கணக்கு அது. கணக்கிலே பிழை இருக்கலாம். ஆனால் அக்கணக்கை அவர் தனியே போடும்படி விட்டது யார்? முன்னொருமுறை பக்கவிளைவைச் சொன்னபோது ஏச்சு வாங்கியிருப்பார், அதன்பின் வாய்திறவார். அடுத்த தவணைக்கு வாராதொழிவார். நிறுத்துதல் கைவிடுதலாக மாறுவது அவ்விடத்தேதான்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் முடிவில், வைத்தியன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் நோக்கிச் செய்க என்கிறார். நோயாளியின் அளவே முதலில் நிற்பதைக் காண்க. உடல்வலிமை, பருவம் முதலியவற்றை அவ்வளவினுள் அடக்கிப் பொருள் கொள்வது வழக்கம். தீவகத்தாரைப் பொறுத்தவரை ஒருவர் ஏறிவந்த படகும் அவ்வளவினுள் அடங்கும் என்று யான் உரை விரிப்பேன், புலவர்கள் பொறுத்தருள்க. அடுத்த குறளிலே மருத்துவத்தை நால்வகையாகப் பகுத்தபோதும் நோயுற்றவனையே முதற்கண் வைத்தார்; உடனிருந்து மருந்தூட்டுபவனையும் ஒரு கூறாகக் கொண்டார். அந்த உடனிருப்பவர் அன்றாடக் கூலியை விட்டு இரு நாள் அலைய வேண்டியிருப்பதையும் நாம் கணக்கிற் சேர்ப்பதில்லை.

2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்து மக்கள் திரட்டிய பணத்தால் எழுந்தது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. மகரகமவுக்குப் போக இயலாதார்க்கு அது பேருதவி. அவ்வளவு நடந்து வைத்தியத்தை வடக்கே கொண்டுவந்த பின், எஞ்சிய கடலையும் கடப்பது இயலாத காரியமா? முதல்நாளே 'எந்தத் தீவு?' என்று கேட்டு நோயாளர் அட்டையில் எழுதலாம். தீவகத்தாரைக் காலையில் முதலில் அழைத்துப் பார்த்தாற் பிற்பகற் படகைப் பிடிப்பர். எந்த அளவு காய்ச்சலுக்கு, எத்தனை முறை வயிற்றோட்டத்துக்கு உடனே வரவேண்டும் என்பதையும், இரவிற் பேசத்தக்க தொலைபேசி எண்ணையும் அவ்வட்டையின் பின்புறத்திலே தமிழில் அச்சிடலாம். நெடுந்தீவிலுள்ள வைத்தியசாலைக்கு அந்நோயாளரின் விவரமும், அவசரத்துக்கான மருந்தும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 'மருந்து ஒத்துவரவில்லை' என்று ஒருவர் வந்து சொல்லுங்கால், தாதியோ வைத்தியரோ முதலில் ஒரு நாற்காலியைக் காட்டி, 'என்ன செய்தது, எப்போது தொடங்கிற்று?' என்று கேட்கட்டும்.